கீழறையை ஆபீஸ் ரூமாக்க 3 லட்சத்து 60 ஆயிரம் கேட்கிறார்கள், செய்யலாமா?

கண்மாய்க்கரை:
வணக்கம். மதுரை கே.கே. நகர் பக்கம், வண்டியூர் கண்மாய்க்கு நடந்து போகிற தூரத்தில், போன தையில் ஒரு பழைய வீடு வாங்கினோம். தரைக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. (பேஸ்மென்ட் என்றால் நம் ஊர்க் கொத்தனார் அஸ்திவார மட்டத்தைத்தான் சொல்வார், அதனால் கீழறை என்றே எழுதுகிறேன்.) 12க்கு 18 அடி, உயரம் 9 அடி, அதில் 6 அடி மண்ணுக்குள். முன்பிருந்தவர்கள் நெல் மூட்டையும் பழைய பாத்திரமும் போட்டு வைத்திருந்தார்கள். பையன் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறான், அவனுக்கு ஆபீஸ் ரூமாக மாற்றிக் கொடுக்கலாம் என்று ஆசை. இன்டீரியர்காரர் ஜிப்சம் போர்டு, ஃபால்ஸ் சீலிங், மரத்தரை, ஏசி எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 60 ஆயிரம் என்கிறார். சுவர் இப்போது காய்ந்துதான் இருக்கிறது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஓர் அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சுரண்டிவிட்டு வாட்டர்புரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் போதுமாம். வைகாசிக்குள் முடித்துவிடலாமா?

தெப்பக்குளத்தான்:
அண்ணே, சித்திரையில் பார்த்துவிட்டு காய்ந்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். சித்திரையில் வைகையே காய்ந்துதான் கிடக்கிறது.

என் கதையைக் கேளுங்கள். எங்கள் வீடு வண்டியூர் தெப்பக்குளம் பக்கம். குளம் வறண்டு, பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த வருடங்களில் எங்கள் கீழறையில் அப்பளம்கூட நமத்துப் போகாது. அதை நம்பி சுவர் முழுக்க பிளைவுட் அடித்து, உள்ளே அலமாரி வைத்து, 1 லட்சத்து 80 ஆயிரம் செலவழித்தேன். அப்புறம் பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீரைக் குளத்துக்குள் விட்டார்கள். தெருவில் எல்லார் போரிலும் தண்ணீர் மேலே ஏறியது, ஊருக்கே சந்தோஷம், எனக்கும்தான். கொஞ்ச மாதத்தில் கீழறையில் டைல்ஸ் இடுக்கில் ஈரம் தெரிந்தது, பிளைவுட்டைத் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம், பிரித்துப் பார்த்தால் பின்னால் கறையான் ஒரு வீடே கட்டியிருக்கிறது. உங்களுக்குக் கண்மாய் பக்கத்திலேயே இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

சைட்டுக்காரன்:
சார், நான் சிவில், இருபது வருடமாக சைட்டில் இருக்கிறேன். அந்த உப்பு தானாக வரவில்லை. மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் சுவர் வழியாக வந்து, ஈரம் ஆவியாகி, உப்பு மட்டும் வெளியே நிற்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் பின்னாலிருந்து தள்ளி அப்பளமாக உரிந்து வரும். சுவருக்கு வெளியே 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம். அதைப் பெயிண்ட் தாங்குமா?

முதலில் செலவில்லாத சோதனை ஒன்று. கெட்டியான பாலிதீன் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, உப்பு பூத்த இடத்தில் ஒன்று, காய்ந்த சுவரில் ஒன்று, தரையில் ஒன்று, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் துளி நின்றால் வெளியிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளி நின்றால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

செலவு விஷயம். தரை 216 சதுர அடிதான், ஆனால் நீர்த்தடுப்பு வேலையை அந்தக் கணக்கில் பார்க்கக் கூடாது. சுற்றுச்சுவர் 60 அடி, மண்ணுக்குள் 6 அடி, அது 360, தரையும் சேர்த்து 576 சதுர அடி. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, விரிசலை அடைத்து, சிமென்ட் வகைக் கோட்டிங் போட நான் வாங்குவது சதுர அடிக்கு 70 முதல் 100 ரூபாய், அதாவது சுமார் 40 ஆயிரத்திலிருந்து 58 ஆயிரம் வரை. இதுவும் உள்பக்கம் செய்வது, இரண்டாம் பட்சம்தான். வெளியே தோண்டி சுவரின் மண் பக்கம் செய்வதே முறை. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு 2 அடியில் இருந்தால் அதற்கு வழியே இல்லை.

ஜிப்சம் போர்டு வேண்டவே வேண்டாம். அதன் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் பூஞ்சைக்குச் சாப்பாடு, பின்னால் நடப்பதும் கண்ணுக்குத் தெரியாது. மரத்தரைக்குப் பதில் டைல்ஸ், சுவரில் வெறும் பூச்சும் சுண்ணாம்பும். பிளக் பாயின்ட் எல்லாம் 3 அடிக்கு மேலே, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம்.

செல்லூர்க்காரி:
எல்லாரும் சுவரையே பேசுகிறீர்கள், படிக்கட்டை யாரும் கேட்கவில்லையே. 2024 அக்டோபர் மழையில் எங்கள் பக்கம் தெருத் தண்ணீர் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. கீழறைப் படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு முக்கால் அடித் திண்டு கட்டுங்கள். தாண்டித்தான் போக வேண்டும், பையன் நாலு நாள் திட்டுவான், பழகிவிடும்.

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஷீட் ஒட்டிப் பார்த்தேன். தரையிலும் காய்ந்த சுவரிலும் ஒன்றும் இல்லை. உப்பு மூலையில் ஷீட்டுக்குப் பின்னால் முத்து முத்தாகத் தண்ணீர். சந்தேகப்பட்டு வெளியே போய்ப் பார்த்தால் சரியாக அந்த மூலைக்கு மேலேதான் பாத்ரூம் தண்ணீர் இறங்கும் சேம்பர், உள்ளே அடித்தளம் பிளந்து கிடக்கிறது! கொத்தனார் 4,500 ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். அதோடு தீர்ந்ததா, பூச்சு வேலையை ஆரம்பிக்கலாமா சைட்டுக்காரரே?

சைட்டுக்காரன்:
சேம்பரை நாளைக்கே சரி செய்யுங்கள். அந்த மூலைப் பூச்சை மட்டும் செங்கல் தெரியக் கொத்திவிட்டு அப்படியே ஆறப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும்போது மூன்று இடத்திலும் மறுபடி ஷீட் ஒட்டிப் படம் போடுங்கள், அப்புறம் பேசலாம். இன்டீரியர்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா?

கண்மாய்க்கரை:
10 ஆயிரம் கொடுத்திருந்தேன். அந்தப் பணத்துக்கு மாடி அறையில் ஒரு மேசையும் ஷெல்ஃபும் செய்து தரச் சொல்லிவிட்டேன். பையன் முகம்தான் கொஞ்சம் வாடியிருக்கிறது.