பஞ்சை ‘வடிகட்டி’ என்னலாமா?

மீனாட்சிபுரத்திலிருந்து:

மீன்தொட்டிக் கையேட்டுச் சொற்பட்டியலில், ஏர் பம்பின் குமிழியால் தண்ணீரைத் தன் வழியே இழுக்கும் ‘ஸ்பாஞ்ச் ஃபில்டர்’ என்பதற்குப் ‘பஞ்சு வடிகட்டி’ என்று போட்டிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. வடிகட்டி என்றதும் டீ வடிகட்டிதான் நினைவுக்கு வரும். கசடு சேர்ந்தால் குழாயடியில் காட்டி, பளிச்சென்று அலசி மாட்டத் தோன்றும். இந்தப் பஞ்சை அப்படி அலசினால் இரண்டொரு நாளில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மீன் வெளியேற்றும் அம்மோனியா தண்ணீரில் கரைந்தே இருப்பது, எந்தத் துளையிலும் சிக்காது. பஞ்சில் படிந்து வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். ‘உயிர்ப்பஞ்சு’ என்று மாற்றலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

உயிர்ப்பஞ்சு சரிங்க ஐயா. கடையில் ஸ்பாஞ்ச் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், அதையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது, புதுத் தொட்டியில் மீன் விடும் முன் அந்த நுண்ணுயிர்களை வளர்த்தெடுக்கும் ‘சைக்கிளிங்’ எதிரே இருக்கும் ‘சுழற்சி’. அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் ஏர் பம்பை ஓடவிட்டு, தண்ணீர் சுழன்றுவிட்டது என்று மீனை விடுகிறார்கள். தண்ணீர் சுழல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புது மண்சட்டியையும் தோசைக்கல்லையும் பழக்குகிறோம் இல்லீங்களா, அதேதான் இது. ‘பழக்குதல்’ என்று வைக்கலாம். பழகாத தொட்டியில் மீன் விடாதே என்றால் யாருக்கும் புரியும்.

முறையையும் சேர்த்துவிடுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் தளும்பத் தளும்ப 56 லிட்டர், விளிம்பு விட்டு ஊற்றினால் 50 லிட்டர். குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். தூய அம்மோனியம் குளோரைடு 3 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 10 மில்லி விட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். சோதனையில் அது இறங்கினதும் மறுபடி 10 மில்லி. முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இன்று விட்டது நாளை இதே நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் என்று காட்டினால் பழகிவிட்டது. 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் விடும் முன் பாதித் தண்ணீரை மாற்றவேண்டும், நைட்ரேட் சேர்ந்திருக்கும்.

தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் நஞ்சான பங்கு சுமார் 10 மடங்காகும். பி.எச். பெரும்பாலும் கூடியிருக்கும் கடினமான போர் தண்ணீர்க்காரர்கள் நாள் எண்ணாமல் சோதனையை நம்புவது நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து:

பழக்குதலை ஏற்கிறேன். அப்படியானால் ‘சீடிங்’ எதிரே ‘விதைத்தல்’ எதற்கு? தயிருக்குப் பிரை ஊற்றுகிற ஊரில் ‘பிரையிடல்’ போதுமே. பாலக்காட்டுப் பக்கம் உற ஒழிப்பது என்பார்கள், அங்கும் விளங்கும். பழகிய தொட்டியின் பஞ்சைப் புதுத் தொட்டித் தண்ணீரில் பிழிந்து, அந்தக் கலங்கலைப் புதுப் பஞ்சு இழுக்க விடவேண்டும். இன்னும் உறுதியான வழி, புதுப் பஞ்சைப் பழைய தொட்டியிலேயே 3, 4 வாரம் ஓடவிட்டு எடுப்பது. வெண்புள்ளி நோய் கண்ட தொட்டியிலிருந்து மட்டும் பிரை வாங்கக் கூடாது, நோயும் கூடவே வரும்.

மீனாட்சிபுரத்திலிருந்து:

பிரையிடல் அருமை. ‘செக் வால்வ்’ அப்படியே இருக்கட்டும், கடைச்சொல்லே புரிகிறபோது கலைச்சொல் எதற்கு. கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் ஏர் குழாய் வழியே பம்புக்குள் இறங்காமல் தடுப்பது அது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டால் அதுவும் வேண்டாம்.

பராமரிப்புக்கு ‘கழுவுதல்’ வேண்டாம், ‘பிழிதல்’ என்று எழுதுகிறேன். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே நாலைந்து முறை பிழிந்தால் போதும். குமிழி ஓட்டம் குறைந்தால் அதுதான் நேரம். இரட்டைப் பஞ்சென்றால் இந்த முறை ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது.

‘வடிகட்டி’யைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. பெட்டி ஃபில்டரில் மேலே வைக்கிற வெள்ளைப் பாலியஸ்டர் பஞ்சுக்கு அது பொருந்தும். அழுக்குப் பிடிக்கத்தான் அதை வைப்பது. உயிர்ப்பஞ்சு பழகியிருந்தால் இந்த வெள்ளைப் பஞ்சைக் குழாயடியில் அலசலாம், நைந்தால் எறியலாம்.