சிகாமட் பக்கம் வீடு பார்க்கும் புதியவர்களுக்கு: புயலை விடுங்கள், ஆறு எங்கே என்று கேளுங்கள்

கேள்வி:
வணக்கம் அண்ணே. சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். 2018-இல் கஜா அடித்ததில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. இப்போது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் பக்கத்தில் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலைக்கு வந்திருக்கிறேன். மனைவியும் பிள்ளையும் சீக்கிரம் வருகிறார்கள். புயல், சுனாமி, நிலநடுக்கம் எதுவும் எட்டாத இடமாக வீடு வேண்டும். மச்சான் ஹூஸ்டனில் இருக்கிறார், அங்கே வந்துவிடு என்கிறார். அங்கேயும் ஹரிகேன் வருகிறதே என்று யோசனை. எது நல்லது?

பதில்:
தம்பி, கஜாவைப் பார்த்தவருக்கு இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் பயப்படும் வரிசையை இங்கே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் புயல். காற்று சுழன்று புயலாகத் திரள்வதற்குப் பூமியின் சுழற்சி உதவ வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த உதவி குறைந்துவிடும். அதனால் கோட்டுக்கு 5 டிகிரிக்குள் புயல் உருவாவது அபூர்வம். சிகாமட் இருப்பது ஏறக்குறைய இரண்டரை டிகிரியில். அபூர்வம் என்றேனே தவிர, வரவே வராது என்று சொல்லவில்லை. 2001 டிசம்பர் 27-இல் வாமெய் புயல் இதே ஜொகூரின் தென்கிழக்குக் கரையில்தான் ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையில் சென்யார் உருவாகி, சுமத்ராவைச் சீரழித்துவிட்டு இந்தப் பக்கமும் வந்தது. ஆனாலும் வேதாரண்யத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவோமே, அப்படி இங்கே யாரும் உட்காருவதில்லை.

சுனாமிக்குச் சிகாமட்டில் வேலை இல்லை, கடல் தூரம். 2004-இல் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பினாங்கு, கெடா கடலோரத்தில். சுமத்ரா தீவு குறுக்கே கிடந்ததால் மற்ற இடங்கள் தப்பின.

நிலநடுக்கம் பற்றி 2025-க்கு முன்னால் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை ஆறேகால் வாக்கில் சிகாமட்டே குலுங்கியது. 4.1 ரிக்டர். அப்புறம் சில சின்ன அதிர்வுகள். உயிர்ச்சேதம் இல்லை, சில கட்டடங்களில் விரிசல் விழுந்ததோடு சரி. தீபகற்ப மலேசியாவில் இந்த அளவே பெரிது. கடல் தாண்டி இருக்கும் சபா மாநிலத்தின் கதை வேறு. அங்கே 2015 ஜூன் 5-இல் ரானாவில் 6.0 அளவில் குலுங்கி, கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். இதற்காக நீங்கள் ஊரை மாற்ற வேண்டாம். பழைய செங்கல் சுவரில் மூலைவாட்டில் விரிசல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாடகைக்கு எடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்: வெள்ளம்.

சிகாமட் டவுனை நடுவில் பிளந்துகொண்டு ஓடுகிறது சிகாமட் ஆறு. அது போய் மூவார் ஆற்றில் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் நாள்கணக்கில் விடாமல் ஊற்றினால் மூவார் ஆறும் நிரம்பிவிடும், சிகாமட் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் டவுனுக்குள் ஏறிவிடும். 2006 டிசம்பர், 2007 ஜனவரியில் சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கின, ஜொகூரில் லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். 2011-இல் மறுபடியும். 2023 மார்ச்சில் மறுபடியும். அந்த முறை யோங் பெங், பத்து பகாட் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஊரில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளை பிறந்த வருடத்தைக்கூட வெள்ளத்தை வைத்துத்தான் சொல்வார்கள்.

அதனால் ஊரைப் பற்றி விசாரிப்பது போதாது, தெருவைப் பற்றி விசாரிக்க வேண்டும். ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) முன்வரிசை மூழ்கும், பின்வரிசையில் பாதம்கூட நனையாது. தோட்டங்களை விற்று, செம்பனையை வெட்டிவிட்டுப் போட்ட தாமான்கள் இங்கே நிறைய. புது வீடு, பளபளவென்று டைல்ஸ். ஆனால் அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று பழைய தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள். "அது பள்ளக்காடு, குலை வெட்டப் போனால் பூட்ஸ் முங்கும்" என்று ஒருவர் சொன்னால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் "ஒரே ஒரு தடவைதான் வந்தது" என்பார். அந்த ஒரு தடவை எதுவரை வந்தது என்று சுவர் சொல்லும். கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அனுபவப்பட்ட வீடு. அடுப்படி கேபினட்டின் அடிப்பலகை உப்பியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் பக்கத்து மளிகைக்கடையில் ஒரு டீயோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு, "2023-இல் காரை எல்லாம் எங்கே கொண்டுபோய் நிறுத்தினீர்கள்" என்று கேளுங்கள். தண்ணீர் வருமா என்று கேட்டால் மழுப்புவார்கள். இப்படிக் கேட்டால் மேடு எது, பள்ளம் எது என்று படமே வரைந்து காட்டிவிடுவார்கள்.

வீடு மேட்டில் இருந்தால் மட்டும் போதாது. ஆலைக்கும் கிளினிக்குக்கும் போகும் சாலை பாலத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சாலை துண்டானால் மேட்டு வீடு தீவாகிவிடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பால் மாவு, மருந்து, குடிதண்ணீர், கேஸ் எல்லாம் மழைக்காலம் முழுக்கக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் காட்டுகிறது. அளவு வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று ஏறும். மலாய் தெரியாவிட்டாலும் இந்த மூன்று சொற்கள் வேண்டும். பஹாயா வரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள், அமாரானிலேயே காரை மேட்டுக்கு ஏற்றி, பாஸ்போர்ட், வேலை பெர்மிட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுங்கள். தற்காலிக நிவாரண மையம் பெரும்பாலும் பள்ளியிலோ டேவானிலோ (பொது மண்டபத்திலோ) இருக்கும். வெளிநாட்டுக்காரன் என்று தயங்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அவசரத்துக்கு 999.

ஹூஸ்டன் பற்றிக் கேட்டீர்கள். 2017-இல் ஹார்வி என்ற ஹரிகேன் அங்கே செய்ததும் பெரும்பாலும் மழைவேலைதான். நாள்கணக்கில் கொட்டி, நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீடுகள் பல மூழ்கின. அங்கே போனாலும் தெருவைத்தான் பார்க்க வேண்டும். மச்சானிடம் அவர் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், அவரே யோசிப்பார்.

மீண்டும் கேள்வி:
ரொம்ப நன்றி அண்ணே. ஆலையிலேயே தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், வாடகை இல்லை. எடுக்கலாமா? பிள்ளைக்கு வீசிங் உண்டு.

பதில்:
குவார்ட்டர்ஸ் மேட்டில் இருந்தால் தாராளமாக எடுங்கள். கூரையை மட்டும் பாருங்கள். பழைய தகரம் என்றால் ஆணி கழன்றிருக்கும். ஏப்ரல், அக்டோபர் வாக்கில் மாலை நேரம் இடியோடு வரும் காற்றில் கூரை பறக்க அது போதும். வீட்டை ஒட்டிப் பட்ட மரம் நின்றால் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சொல்லி முதலிலேயே வெட்டச் சொல்லுங்கள். இடி இங்கே சாதாரணமில்லை, மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மோடம், டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவது எல்லார் வீட்டிலும் பழக்கம்.

வீசிங் என்றால் இன்னொன்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுமத்ராவில் காடு எரிந்தால் புகைமூட்டம் இந்தப் பக்கம் வரும். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள். 100-க்கு மேல் போனாலே பிள்ளையை வெளியே விளையாட விடாதீர்கள். ஒரு அறைக்காவது ஜன்னல் நன்றாக மூடும்படி இருக்கட்டும். பலகை வீட்டில் அது கஷ்டம், கல்வீடு கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கார் வாங்கும்போது இன்சூரன்ஸில் வெள்ளத்துக்கான 'ஸ்பெஷல் பெரில்ஸ்' தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முழுக் காப்புறுதி எடுத்தாலும் பொதுவாக அது உள்ளே இருக்காது, நீங்கள் கேட்டால்தான் போடுவார்கள்.