"மேஜர் சரவணன் ஊரா நீங்க?"

திருச்சி கன்டோன்மென்டில் மேஜர் சரவணனின் நினைவுச் சின்னம் இருக்கிறது. டியூஷனுக்குப் போகும்போது தினமும் சைக்கிளில் அதைத் தாண்டித்தான் போவேன். யாராவது கேட்டால் "கார்கில்ல இறந்தவர்" என்பேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

தெரியவைத்தவர் ஒரு பீகார்காரர். வேலை விஷயமாகப் பாட்னாவை ஒட்டிய தானாப்பூரில் சில மாதம் இருந்தேன். பீகார் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கேதான். டீக்கடையில் பழக்கமான ஓய்வுபெற்ற ஹவில்தார் எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றதும் மண்குவளையைக் கீழே வைத்துவிட்டு, "மேஜர் சரவணன் ஊரா நீங்க?" என்றார். அன்று டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

அவர் வேறு பட்டாலியன். ஆனாலும் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. 1999 மே 28 இரவு, படாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேல் இருக்கும் ஜுபார் மலைமீது பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன், சரவணனின் 1 பீகார், ஏறியது. மேலே எத்தனை பேர் பதுங்கியிருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாத ஆரம்ப நாட்கள் அவை. சரவணன் ராக்கெட் லாஞ்சரால் எதிரிகளின் ஒரு நிலையைத் தகர்த்தார். குண்டுச் சிதறல் பட்டும் நிற்காமல் முன்னேறினார். கடைசியில் தலையில் குண்டு. வயது 26. பிறகு போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது கொடுத்தார்கள்.

ஆனால் ஹவில்தார் திரும்பத் திரும்பப் பேசியது வேறு. உடலைக் கீழே கொண்டுவர முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அந்தச் சரிவிலேயே கிடந்தது, ஜூலையில்தான் மீட்டார்கள். "நம்ம ஆபீசர் மேலே கிடக்கும்போது கீழே இருக்கிறவனுக்குச் சோறு இறங்குமா?" என்றார்.

*

இதற்கு ஒரு வாசகர் எழுதிய பதில்:

உங்கள் பதிவைப் படித்ததும், கார்கில் போர் நினைவிடம் இருக்கும் திராஸுக்கு நாங்கள் போன பயணம் ஞாபகம் வந்தது. அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். அங்கிருந்த ஜவான் எதிரே தெரிந்த டோலோலிங், டைகர் ஹில் என்ற மலைகள் இரண்டையும் காட்டினார். ஜுபார் எங்கே என்று கேட்டேன். கிழக்கே கையை நீட்டி, இங்கிருந்து தெரியாது, கார்கிலைத் தாண்டி சிந்து நதிப் பக்கம் போக வேண்டும் என்றார்.

திராஸே 10,000 அடிக்கு மேல். நாலு எட்டு வேகமாக நடந்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. துப்பாக்கி, தோட்டா, தண்ணீர் எல்லாம் சுமந்துகொண்டு இதைவிட உயரத்தில், இருட்டில், மேலிருந்து சுடுகிறவனை நோக்கி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். நான் அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா உட்காரவில்லை. சுவரில் செதுக்கிய பெயர்களை விரலால் தடவித் தேடிக்கொண்டே போனார். சரவணன் பெயரைக் கண்டுபிடித்ததும் கைப்பையிலிருந்து சமயபுரம் குங்குமப் பொட்டலத்தை எடுத்து, பெயருக்குக் கீழே ஒரு சிட்டிகை வைத்தார். ஜவான் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் பார்த்தார், அப்புறம் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.