பொருள்: கலைச்சொல் உதவி – வேண்டுமென்றே இட்டுக்கொள்ளும் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’

வணக்கம்.
பிக்கோ-8 பாடத்தின் தமிழாக்கம் வெள்ளிக்குள் போக வேண்டும். ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. திரை 128×128 புள்ளி, 16 நிறம், நிரலுக்கு 8192 டோக்கன் (பெயர், எண், குறி என நிரலின் நீளத்தை அளக்கும் அலகு). எந்த வன்பொருளின் குறையாலும் வந்ததல்ல இது. பிக்கோ-8 கற்பனைக் கருவி, மென்பொருளாக மட்டுமே இருக்கும் ஆட்டப்பெட்டி. ஆட்டம் சிறிதாகவே இருக்கட்டும் என்று போட்ட கன்ஸ்ட்ரெயின்ட். ‘கட்டுப்பாடு’ என்றால் நாலு வரி தள்ளிவரும் கன்ட்ரோல் பொத்தான்களுக்கும் அதே சொல். ‘வரம்பு’ லிமிட்டுக்குப் போய்விட்டது.
– க.

ஐயா, சொல் கையிலேயே இருக்கிறதே: தளை. செய்யுளில் அடுத்தடுத்த சீர்கள் எப்படிச் சேரலாம் என்ற கட்டு அது. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். வேறெதையும் வெண்பா உள்ளே விடாது. புலவனுக்கு எட்டும் சொற்களைக் குறுக்குவதுதான் தளையின் வேலை. தன் + தளை = தற்றளை.
– இரா.

> தன் + தளை = தற்றளை

புணர்ச்சி சரி. பிள்ளைகள் ‘தத்தளி’ என்று படிப்பார்கள், அதுவும் ஒருவகையில் பொருந்தும். சொல்லைப் பாட வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது எண்களை அட்டவணையாக எழுதினால் அடைப்புக்கு 1, எண்களுக்கு 50, ஆக 51 டோக்கன். மேற்கோள்குறிக்குள் ஒரே சரமாக எழுதி ஸ்பிலிட் கட்டளையால் பிரித்தால் கட்டளைக்கு 1, சரத்துக்கு 1, ஆக 2. இந்தத் தந்திரம் தெரிந்ததும் எல்லாவற்றையும் சரத்துக்குள் திணிப்பார்கள். 65535 எழுத்து என்ற அடுத்த எல்லையில் போய் இடிப்பார்கள், நிரலும் படிக்க முடியாததாகிவிடும். முதலில் ஆட்டத்தில் ஓர் எதிரியையோ ஒரு கட்டத்தையோ வெட்டு, பிறகு டோக்கனைச் சுருக்கு என்பதுதான் பாடம். இதைச் சொல்ல ‘வரப்பு’ போதும். வரப்பு நீரைத் தடுப்பது மட்டுமல்ல, பயிருக்குத் தேக்கியும் தருகிறது. சரத் தந்திரம் எலிவளை.
– செ.

தளையைத் தொல்காப்பியர் செய்யுளின் 34 உறுப்புகளில் தனியே எண்ணவில்லை, யாப்பை எண்ணினார். ‘யா’ என்றாலே கட்டு. ஆகவே யாப்பு. ‘தன்’ என்ற முன்னொட்டும் இங்கே பிழை. பிக்கோ-8 எல்லைகளை இட்டவர் கருவியை ஆக்கியவர். ஆட்டம் எழுதுபவருக்கு அவை வெண்பா இலக்கணம் மாதிரி வந்து வாய்த்தவை. உ, ஊ, ஒ, ஓ, ஔ, ப, ம, வ எதுவும் வராமல், உதடு ஒட்டாமலும் குவியாமலும் நிரோட்டகம் பாடுகிறவன்தான் தனக்குத்தானே விதித்துக்கொள்கிறான். மென்பொருளில் அதற்குச் சான்று, திரையில் சாளரங்களை அடுக்கும் டிடபிள்யூஎம் என்ற சாளர மேலாளர்: மூலநிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்று ஆக்கியோர் தங்களுக்கே விதித்துக்கொண்டார்கள். அமைப்புக்கோப்பைப் படிக்கும் பகுதிகூட அதில் இல்லை; நிறம் மாற்ற வேண்டுமானாலும் தலைப்புக் கோப்பைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். இரண்டும் வேறு, இரண்டு சொல் வேண்டும்.
– மு.

ஒரு சொல்லுக்கே வழியில்லை, இரண்டா?
– செ.

மு. சொன்ன வேறுபாடு சரி, ஆனால் பாடத்தில் டிடபிள்யூஎம் இல்லை. யாப்பு என்றால் வகுப்பு செய்யுளுக்குப் போய்விடும். இப்போதைக்கு ‘வடிவமைப்பு வரப்பு’ என்று போடுகிறேன். லிமிட் ‘வரம்பு’ ஆகவே இருக்கும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பும் என்று தெரிகிறது, அந்த இடங்களில் எண்ணையே எழுதிவிடுகிறேன்.
– க.

ஒப்பவில்லை. சொல்லடைவில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘தற்றளை’ வரட்டும். அச்சில் றகரம் இரண்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
– இரா.