மறு: ‘எந்திரனியல் கல்வி’ என்று சொல்லலாமா?

வணக்கம் ஐயா. ரோபோவை (எந்திரனை) கருவியாகக் கொண்டு மாணவர் பாடம் கற்பதற்கு நாம் தேடும் தமிழ்க் கலைச்சொல் பற்றிய உங்கள் மடலுக்குப் பதில் இது; உங்கள் வரிகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ‘எந்திரனியல் கல்வி’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, புரிகிறது.

சுருக்கம்தான். புரிவதில்தான் சிக்கல். இது வேற்றுமைத்தொகை, அதாவது ‘ஐ’, ‘ஆல்’ போன்ற உருபு மறைந்து நிற்கும் தொடர். யாரிடம் கொடுத்தாலும் ‘எந்திரனியலைக் கற்கும் கல்வி’ என்றே விரிப்பார்கள். நாம் சொல் தேடுவதோ கருவியைக் குறிக்கும் மூன்றாம் வேற்றுமைக்கு (‘ஆல்’, ‘கொண்டு’): ரோபோவைக் கொண்டு கோணத்தையோ பின்னத்தையோ கற்பது. அங்கே ரோபோ பாடம் அன்று, கருவி. அந்த உருபைத் தொகைக்குள் புதைத்துவிட்டால் கலைச்சொல் எதற்கு?

‘எந்திரன்’ மீது எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்றும் உண்டு. அன் விகுதி போட்டாயிற்று. இனி ‘எந்திரன் திரும்பினான்’ என்று எழுதுவதா, ‘திரும்பியது’ என்று எழுதுவதா? நான்கு அம்புக்குறிப் பொத்தான்களோடு தரையில் உருளும் சிறு பெட்டிக்கு ஆண்பால் எதற்கு?

> ‘பொறிவழிக் கற்றல்’?

இதில் எனக்கும் ஆசைதான். சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறிச்செல்லும் மயிற்பொறியை வலமாகத் திருகினால் எழும், இடமாகத் திருகினால் இறங்கும். ஆணைக்கு இயங்கும் பொறிக்கு இதைவிட அழகான முன்னோடி கிடைக்காது. ஆனால் ‘பொறியியல்’ ஊறிப்போன காதில் இது பொறியியல் படிப்பாகவே விழும். தமிழாசிரியரோ ஐம்பொறிகளால் கற்பது என்று பொருள் கொள்வார். (அவர் சொல்வதும் முழுத் தவறாகாது!)

என் பரிந்துரை ‘ரோபோவழிக் கற்றல்’. ‘இணையவழிக் கல்வி’ ஏற்கெனவே பழகிவிட்டதால் ‘வழி’ கருவிப்பொருளைத் தெளிவாகத் தரும். ரோபோ கடன்சொல் என்று தயங்க வேண்டாம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்து, 1920-இல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தால் பரவியது அது. ஆங்கிலத்துக்கும் கடன்தான்.

> திரையில் ஓடும் ரோபோவிலிருந்து பிரித்துக்காட்ட ‘மெய் ரோபோ’ என்று அடைமொழி வேண்டாமா?

பிரித்துக்காட்ட வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. கணினிவழிக் கல்வியின் முன்னோடி சீமோர் பேப்பர்ட் முதலியோர் குழந்தைகளுக்காக 1967-இல் உருவாக்கிய லோகோ என்னும் நிரல்மொழியோடு பின்னர் சேர்ந்த ஆமை, முதலில் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு இழுத்த எந்திரம். திரைக்குள் குடியேறியது அதற்குப் பிறகு. திரை ஆமையிடம் நான்கு முறை ‘முன்னே போ, 90 பாகை திரும்பு’ என்றால் சதுரம் பிசகாமல் மூடும். தரையிலோ சக்கரம் சற்று வழுக்கும், கடைசிக் கோடு முதற்கோட்டைத் தொடாமல் நிற்கும். கட்டளை தவறா, தரை தவறா என்று மாணவர் குனிந்து பார்ப்பார். திரை தராத பாடம் அது.

ஆனாலும் அடைமொழியைத் திரை ரோபோவுக்குத்தான் மாட்ட வேண்டும். ‘மெய்ந்நிகர் ரோபோ’ என்று அதைச் சொல்லிவிட்டால் உடம்புள்ள ரோபோ வெறும் ரோபோவாகவே இருக்கலாம்.

ஆசிரியர் இடத்தில் நின்று பேசும் மனித உருவ ரோபோக்களை ‘ரோபோவழிக் கற்றல்’ என்பதில் சேர்க்காதீர்கள். ‘கற்பிக்கும் ரோபோ’ என்ற பெயரெச்சமே அவற்றுக்குப் போதும்.

‘ரோபோத்துணைக் கற்றல்’ என்று நீங்கள் முன்பு சொன்னதையும் பட்டியலில் வைத்திருக்கிறேன். அங்கே ஒற்று மிகுமா என்பதற்கே இன்னும் மூன்று மடல் ஆகும் என்று அஞ்சுகிறேன்.