வாசனை போனவர்கள் சொல்லுங்கள்: எப்படிப் போனது, திரும்ப வந்ததா?

வாசனை தெரியவில்லை என்றால் 2020-க்குப் பிறகு எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கொரோனாவா?" எனக்கு அதற்கு முன்பே போய்விட்டது. அதுவும் ஒரேயடியாக இல்லை. முதலில் ஊதுபத்தி, அப்புறம் பெருங்காயம், கடைசியில் பினாயில். உப்பும் புளிப்பும் உறைப்பும் சரியாகத்தான் தெரிந்தன. ஆனால் ரசம் வெறும் புளித்தண்ணீராகிவிட்டது. வாய்க்கு ருசியில்லை என்று சொல்லித்தான் டாக்டரிடம் போனேன்.

நாக்கில் கோளாறு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். நாக்கு அறிவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, உமாமி (காளான், கறிச்சாறு மாதிரி ருசி) மட்டும். மிச்ச ருசியெல்லாம் மெல்லும்போது தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற மணம். மிளகாய்க் காரம் இரண்டிலும் சேராது, அது முகத்திலிருந்து வேறொரு நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும் எரிச்சல். மோப்பம் அடியோடு போனவருக்கும் வெங்காயம் அரிந்தால் கண்ணில் நீர் வருவது அதனால்தான்.

பிறகு கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கில் விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு பக்கமும் உரித்த திராட்சை மாதிரி வெளிறிய சதை. பாலிப். "ஆஸ்துமா உண்டா? தலைவலி மாத்திரை போட்டால் இழுப்பு வருமா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். எனக்கு இரண்டும் உண்டு. ஆஸ்துமா, பாலிப், ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வருவது ஒரே நோயாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறாவும் ஆகாது. அதுவரை ஆஸ்துமாவுக்கு ஒரு டாக்டர், மூக்கடைப்புக்கு ஒரு டாக்டர் என்று போய்க்கொண்டிருந்தேன். யாரும் மூன்றையும் சேர்த்துக் கேட்டதே இல்லை.

சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். திரும்பி வந்த முதல் வாசனை எது தெரியுமா? என் ஹெல்மெட்டின் உள்பஞ்சு. அவ்வளவு நாறும் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திய பின் வாசனை மெல்ல மறுபடி போய்விட்டது. மாத்திரையில் கொஞ்ச நாளாவது வாசனை வந்ததையே டாக்டர் நல்ல சேதி என்றார். நரம்பு உயிரோடு இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. அந்த மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதனால் ஆபரேஷன், அதன் பிறகு தினமும் உப்புநீரில் மூக்குக் கழுவல், ஸ்பிரே. வலது துளைக்கு இடது கையால் அடிக்க வேண்டும். நுனி நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இப்போது முக்கால்வாசி தெரிகிறது. சளி பிடித்தால் போய்விடும். இந்த வகையில் சதை திரும்ப வளர வாய்ப்பு அதிகம் என்பதால் ஸ்பிரேயை விட முடியாது.

* * *

அண்ணா, என் வீட்டுக்காரர் கதை வேறு. பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து, மல்லாந்து விழுந்து பின்தலையில் அடி. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் அடுப்படி வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறார், பக்கத்திலேயே பால் அடிப்பிடித்துத் தீய்ந்து புகைகிறது. கொல்லையிலிருந்து நான்தான் ஓடி வந்தேன். அவர் புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

அடி பட்டது பின்னால், போனது மூக்கா என்று எங்களுக்குக் குழப்பம். மூக்கின் கூரையில் பொடிப்பொடித் துளைகள் உள்ள ஒரு எலும்புத் தகடு இருக்கிறதாம். மோப்ப நரம்பின் இழைகள் அதன் வழியாகத்தான் மேலே போகின்றன. பின்தலையில் அடி விழும்போது மூளை உள்ளே முன்னும் பின்னும் ஆட, அந்த இழைகள் அறுந்துவிடுகின்றன. மோப்ப செல்கள் புதிதாக முளைக்கும் இனம்தான், ஆனால் தகட்டில் தழும்பு விழுந்துவிட்டால் வழி கிடைக்காது. சிலருக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள். இவருக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே யாராவது கேட்டிருந்தால் என்ன? கையைத் தூக்கு, கண்ணை உருட்டு என்றெல்லாம் பார்த்தார்கள், ஒரு சோப்பை முகரக் கொடுக்கவில்லை.

இந்தப் பிரச்சினை உள்ள எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். சிலிண்டர் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அந்த நாற்றம் தெரியாதவர் வீட்டில் தனியாக இருக்கிறார் என்றால் கசிவுக்கு அலறும் டிடெக்டர் வாங்கி வைத்துவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் டிடெக்டரையும் தரைக்குக் கிட்டத்தில்தான் மாட்ட வேண்டும். அவசர எண் 1906-ஐ எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

* * *

நான் கொரோனா கேஸ்தான், 2021. வாசனை போனதைத் தாங்கிக்கொண்டேன், திரும்பி வந்த விதம்தான் கொடுமை. காபி சாக்கடை நாற்றம். வதக்கிய வெங்காயம், பூண்டு, முட்டை, பற்பசைகூட அதே நாற்றம். ஹாஸ்டல் மெஸ் பக்கமே போக முடியாமல் இளைத்துப் போனேன். மனப்பிரமை என்றார்கள். பாரோஸ்மியா என்று பெயரே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வைரஸ் தாக்குவது மோப்ப நரம்பு செல்களை அல்ல, அவற்றுக்கு முட்டுக்கொடுக்கும் செல்களை. புதிதாக வளரும் நரம்புகள் அரைகுறையாக இணையும்போது வாசனை இப்படித் திரிந்துவிடும் என்று கருதுகிறார்கள்.

மோப்பப் பயிற்சி செய்கிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடி கவனமாக முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். நான் பன்னீர், எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம், கிராம்பு வைத்துக்கொண்டேன். தைலம் தெரிகிறதே என்று முதலில் துள்ளினேன். அதில் பாதி எரிச்சல்தான், அண்ணா சொன்ன அந்த இன்னொரு நரம்பு. கிராம்பு கிராம்பாகத் தெரிந்த அன்றுதான் நம்பிக்கை வந்தது. காபி இன்னும் சரியாகவில்லை. தாளிப்பு வாடை வந்தாலே குமட்டுகிறது. நீங்கள் எல்லாம் என்ன சாப்பிட்டுச் சமாளித்தீர்கள்?

* * *

என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே வாசனை கிடையாது. அவனே சொல்லவில்லை, சொல்ல அவனுக்கு என்ன தெரியும்! பதினாறு வயதாகியும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை என்று ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே "வாசனை தெரியுமா?" கால்மன் சிண்ட்ரோம். கருவில் பருவ ஹார்மோனைத் தூண்டும் செல்கள் மூக்குப் பகுதியில் உருவாகி, மோப்ப நரம்பின் தடத்தைப் பிடித்துத்தான் மூளைக்குப் போகின்றனவாம். தடம் சரியாக அமையாவிட்டால் இரண்டும் கெட்டுவிடும். ஊசி போட்டு இப்போது மீசை வந்துவிட்டது. வாசனை வராது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். தங்கச்சி சொன்ன டிடெக்டரை நானும் வாங்கப் போகிறேன், இத்தனை நாள் தோன்றவே இல்லை. தனிச்செய்தியில் ஒருவர் பூண்டுச் சாற்றை மூக்கில் விடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். அமெரிக்காவில் சளிக்காக மூக்கில் தடவும் துத்தநாக ஜெல்லை நம்பி நூறு பேருக்கு மேல் வாசனை போனதாகப் புகார் சொல்லி, 2009-ல் அரசே அதை உபயோகிக்காதீர்கள் என்று எச்சரித்தது. இன்னொருவர், அப்பாவுக்கு வாசனை போன பல வருடம் கழித்துப் பார்க்கின்சன் வந்தது, எனக்கும் வருமா என்கிறார். அந்த நோயில் மோப்பம் முன்கூட்டியே போவது உண்மைதான். ஆனால் மோப்பம் போன எல்லாருக்கும் அது வருவதில்லை. முதலில் மூக்கைக் காட்டுங்கள். அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்றால் நரம்பு டாக்டரிடம் போகலாம்.

தம்பி, சூடான சாப்பாட்டில் ஆவி எழும்புவதால்தான் நாற்றம் அதிகம். எல்லாவற்றையும் ஆற வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தாளிக்காத தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம் ஒத்துக்கொள்ளக்கூடும். மெஸ்ஸில் சொல்லிவைத்தால் தாளிப்பதற்கு முன் உங்களுக்கென்று ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுவார்கள்.