ஜூலியஸ் ராண்டிலின் 2021-22 சீசன்: தடுமாற்றமா, சரிவா? (நால்வரின் உரையாடல்)

குறிநோக்கி:
அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் அப்போது நியூயார்க் நிக்ஸ் அணிக்கு பவர் ஃபார்வர்டாக (முன்கள வீரராக) ஆடிய ஜூலியஸ் ராண்டில் 2021-22இல் நிலையில்லாமல் ஆடினார் என்ற தீர்ப்பைப் பலரும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். எண்களைக் கொண்டே அதை மறுக்க விரும்புகிறேன். முந்தைய சீசனில் அவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 24.1 புள்ளி, 10.2 ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது), 6.0 அசிஸ்ட் (சக வீரர் கூடை போடப் பந்து கொடுப்பது) எடுத்து, அந்த ஆண்டின் மிக முன்னேறிய வீரருக்கான விருதையும் சீசனின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-என்பிஏ பட்டியலின் இரண்டாம் அணியில் இடத்தையும் பெற்றார். 2021-22இல் அவை 20.1, 9.9, 5.1 ஆயின. ரீபவுண்ட் ஏறத்தாழ அப்படியே நின்றது. அசிஸ்ட் ஒன்று குறைந்தது. பெரிதாக விழுந்தது மூன்று புள்ளி எறிதல்தான்: 41.1 சதவீதத்திலிருந்து 30.8க்கு. ஆட்டத்துக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவருக்கு இது ஆட்டத்துக்கு அரைக் கூடை, அதாவது ஒன்றரைப் புள்ளி இழப்பு. இதற்காக ஒருவருடைய மன உறுதியையே சந்தேகிப்பது நியாயமில்லை.

தடுப்பரண்:
நண்பரே, அவருடைய சராசரியில் விழுந்தவை நான்கு புள்ளிகள். நீங்கள் கணக்குக் காட்டியது ஒன்றரை. மீதியை எங்கே வைப்பது? அவருடைய மொத்த ஃபீல்டு கோல் (ஃப்ரீ த்ரோ அல்லாத எல்லா எறிதல்களின்) சதவீதம் 45.6இலிருந்து 41.1க்கும், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) 81.1இலிருந்து 75.6க்கும் இறங்கின. ஃப்ரீ த்ரோ எறியும்போது முன்னால் தடுப்பவர் எவரும் இல்லை, பந்தைத் தாமதமாகத் தரும் சக வீரரும் இல்லை. அதுவும் குறைந்தது என்றால், பழியை மற்றவர்மேல் போட முடியாது.

இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலில் சேர்க்கும் ட்ரூ ஷூட்டிங்கைப் பாருங்கள். எடுத்த புள்ளிகளை, ஃபீல்டு கோல் முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளில் 0.44 பங்கைக் கூட்டி வரும் தொகையின் இருமடங்கால் வகுப்பதே அது. ராண்டிலுக்கு அது சுமார் 57 சதவீதத்திலிருந்து சுமார் 51க்கு வந்தது; அப்போது லீக் சராசரி ஏறக்குறைய 56.6. ஆட்டத்துக்கு இருபது எறிவாய்ப்புகளைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் வீரர் இந்த இடைவெளியால் சராசரி வீரரைவிட இரண்டு புள்ளிக்கு மேல் இழக்கிறார். அந்த ஆண்டு நிக்ஸ் எடுத்த புள்ளிகளும் கொடுத்த புள்ளிகளும் ஏறத்தாழச் சமம். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி கூடினால் 82 ஆட்டங்களில் இரண்டு மூன்று வெற்றிகள் கூடும் என்பது பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கு. 37 வெற்றிகளோடு கிழக்குப் பிரிவில் நிக்ஸ் பதினொன்றாம் இடத்தில் நின்றது. பத்தாம் இடத்தைப் பிடித்து, பிளேஆஃபுக்கான தகுதிச் சுற்றான பிளே-இன் சுற்றுக்குள் நுழைந்த சார்லட் பெற்றவை 43. அந்த இடைவெளியின் பெரும்பகுதி இந்த ஒருவருடைய எறிதலிலேயே அடங்கியிருக்கிறது.

எண்சுவடி:
நீங்கள் இருவரும் பேசுவது ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி. ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் எவ்வளவு ஏறி இறங்கினார் என்பது தனிக் கேள்வி, அதற்குச் சராசரி விடை தராது. நான்கு ஆட்டங்களிலும் இருபது இருபதாக எடுப்பவருக்கும், 36, 8, 30, 6 என்று எடுப்பவருக்கும் சராசரி ஒன்றே. சாக்ரமென்டோவுக்கு எதிராக 2022 மார்ச்சில் ராண்டில் எடுத்த 46 புள்ளி, எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களின் சராசரியை அந்த ஒரு நாளிலேயே சுமார் 0.3 உயர்த்தியது. ஆகவே புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையோ, குறைந்தபட்சம் ஆட்டங்களைப் புள்ளி வரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் ஆட்டத்தின் அளவையோ பார்த்த பிறகே தடுமாற்றம் என்று சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. திறமை சற்றும் மாறாத ஒரு வீரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்து மூன்று புள்ளி எறிதல்களை மூன்றில் ஒரு பங்கு வாய்ப்போடு எறிகிறார் என்று வையுங்கள். எட்டு ஆட்டங்களில் ஒன்றில் அவருக்கு ஒன்றுகூட விழாது. ஐந்தில் ஒன்றில் மூன்றோ அதற்கு மேலோ விழும். முதல் நாள் ரசிகர்கள் கூச்சலிடுகிறார்கள், இரண்டாம் நாள் கொண்டாடுகிறார்கள். வீரரோ இரு நாளும் ஒரே வீரர்தான். தூரத்திலிருந்து அதிகம் எறியும் எந்த ஃபார்வர்டின் கணக்கிலும் இந்த அலைவு இருந்தே தீரும்.

தடுப்பரண்:
ஓர் இரவின் அலைவுக்கு இது சரியான விளக்கம். சீசன் முழுவதிலும் ஏறத்தாழ 390 முயற்சிகள் இருக்கும்போது இதே விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும்? அந்த எண்ணிக்கையில் இயல்பான பிழை இரண்டரை சதவீதம். இரு சீசன்களை ஒப்பிட்டால் மூன்றரை. இங்கே விழுந்த பத்து சதவீதம் அதைப்போல் மூன்று மடங்கு. தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பின்வரிசை:
தற்செயல் இல்லை என்றால் சூழலைப் பார்க்க வேண்டாமா? அதே அணியின் ஆர்.ஜே. பேரட் ஆட்டத்துக்குச் சரியாக 20 புள்ளி எடுத்தார். அவருடைய ஃபீல்டு கோல் 40.8 சதவீதம். பந்தை அதிகம் வைத்திருந்த இருவரும் ஒரே ஆண்டில் 41ஐ ஒட்டியே எறிகிறார்கள் என்றால், காரணத்தில் ஒரு பங்காவது பொதுவானதாக இருக்கும். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டுகளில் கெம்பா வாக்கர் நவம்பர் இறுதியிலேயே ஆடும் வீரர்களின் சுழற்சியிலிருந்து வெளியே வைக்கப்பட்டார். டெரிக் ரோஸ் டிசம்பரில் கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஆட்டத்தை நடத்தும் கார்டு இல்லாதபோது, எறிவதற்கான கடிகாரம் தீரும் நேரத்தில் பந்து ராண்டிலின் கைக்கு வருகிறது. அந்தக் கடின எறிதலை அவர் எறியாவிட்டால் வேறொருவர் எறிந்தாக வேண்டும், அவரும் சராசரி வீரரைப் போல எறிந்திருக்க மாட்டார். தடுப்பரண் அவர்கள் கணக்கிட்ட இரண்டு புள்ளி முழுவதையும் ஒருவர் பெயரில் எழுதுவது இதனால்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தடுப்பரண்:
சூழலைச் சொன்னால், வளையத்தடியிலேயே நின்று இடத்தை நெருக்கும் சென்டருடன் (மையக் கள வீரருடன்) ஆடுவதும் ராண்டிலுக்குப் புதிதல்ல. 2020-21இல் நெர்லென்ஸ் நோயல், அடுத்த ஆண்டு மிட்சல் ராபின்சன். இருவரும் தூரத்திலிருந்து எறிபவர்கள் அல்லர். அதே நெருக்கடியில் முதல் ஆண்டு முடிந்தது, இரண்டாம் ஆண்டு ஏன் முடியவில்லை? தவிரவும், கார்டு இல்லை என்பது ஃப்ரீ த்ரோவை விளக்காது.

எண்சுவடி:
ஃப்ரீ த்ரோவை இரண்டு ஆண்டுகளோடு நிறுத்தாமல் நான்காக வைத்துப் பாருங்கள். 2019-20 தொடங்கி 73.3, 81.1, 75.6, 75.7. மூன்று புள்ளி எறிதலோ 27.7, 41.1, 30.8, 34.3. இரண்டு வரிசையிலும் தனித்து நிற்பது நீங்கள் குறை கூறும் ஆண்டு அல்ல, நாம் எல்லாரும் அளவுகோலாக எடுத்துக்கொண்ட 2020-21தான். பெருந்தொற்றுக் காலத்தில், காலி இருக்கைகளுக்கோ மிகக் குறைந்த பார்வையாளர்களுக்கோ முன் ஆடப்பட்ட சீசன் அது. அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; அரங்கம் நிறையத் தொடங்கிய 2021 பிளேஆஃபில் அட்லான்டாவுக்கு எதிராக அவர் ஃபீல்டு கோலில் 29.8 சதவீதம் எறிந்தார் என்பதைச் சான்றாகக் காட்டுபவர்கள், அது வெறும் ஐந்து ஆட்டங்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவருடைய உச்ச ஆண்டையே அவருடைய இயல்பாகக் கொண்டால், அதற்கு அடுத்த ஆண்டு எப்போதும் சரிவாகவே தெரியும்.

குறிநோக்கி:
இதோடு 2022-23ஐயும் சேர்த்துப் பாருங்கள். கார்டு ஜேலன் பிரன்சன் நிக்ஸுக்கு வந்த அந்த ஆண்டில் ராண்டில் 25.1 புள்ளி எடுத்தார். ட்ரூ ஷூட்டிங் சுமார் 58க்கு ஏறியது. மின்னசோட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 57 புள்ளிகளும் வந்தன. மூன்று புள்ளி எறிதலில் 41 திரும்பி வரவில்லை, ஃப்ரீ த்ரோவும் உயரவில்லை. பந்தைக் கொண்டுவர ஒரு நல்ல கார்டு கிடைத்ததும் மீதியெல்லாம் தாமே சீரடைந்தன. திறமை போய்விட்டது என்று 2022இல் எழுதியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

தடுப்பரண்:
நான் சொல்வது இதுதான். கை மாறவில்லை என்று உங்கள் எண்களே சொல்கின்றன. மாறியது எறிந்த இடம். ஆட்டத்துக்கு ஐந்தை ஒட்டியிருந்த மூன்று புள்ளி முயற்சிகள் 2022-23இல் எட்டைத் தாண்டின. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறியும் நீண்ட இரண்டு புள்ளி எறிதல்கள், 34 சதவீத மூன்று புள்ளி எறிதலின் பலனைத் தர வேண்டுமானால் பாதிக்கு மேல் விழ வேண்டும். அவருக்கு அப்படி விழுந்ததில்லை. அந்த எறிதல்களைக் குறைக்க பிரன்சன் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2021-22இலேயே ராண்டிலும் பயிற்சியாளர் டாம் திபடோவும் அதைச் செய்திருக்க முடியும், அதனால் அந்த சீசனின் பொறுப்பை நான் அவர்கள் இருவர்மேலும் வைக்கிறேன்.